சாவி நிறையும் இடம்

இயந்திரக் கைக்கடிகாரத்தை முறுக்கி ஓடவைப்பதற்குத் தமிழில் ‘சாவி கொடுத்தல்’ என்று பெயர். கொடுப்பதற்கு அங்கே சாவி ஏதும் இல்லை. கூட்டின் வலப்பக்கத்தில் துருத்தி நிற்கும் பல்வைத்த சிறு குமிழைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து உருட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆயினும் அந்தக் குமிழையே சாவி என்று சொல்லும் வழக்கு பலரிடம் நிலைத்துவிட்டது. போர்த்துக்கீசியரின் ‘சாவே’தான் தமிழில் ‘சாவி’ ஆயிற்று என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் சட்டைப்பைக் கடிகாரங்களுக்கு உண்மையிலேயே தனிச்சாவி இருந்தது. அதைத் துளைக்குள் நுழைத்து முறுக்க வேண்டும், சாவி தொலைந்தால் கடிகாரம் நிற்கும். ஆதிரியான் பிலிப் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர், குமிழைக்கொண்டே முறுக்கவும் முள்ளைத் திருப்பவும் கூடிய கடிகாரத்தை 1844-இல் பாரிஸ் தொழிற்காட்சியில் வைத்தார். மறு ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பட்டேக் பிலிப் என்ற பெயரின் பிற்பாதி அவருடையது. ஆங்கிலத்தில் அந்த அமைப்பை இன்றும் ‘கீலெஸ் வொர்க்ஸ்’, அதாவது சாவியற்ற பொறி என்கிறார்கள். அவர்கள் சாவி போய்விட்டதைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள்; தமிழர்கள் அது போனதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மலையாளத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். ‘கீ கொடுக்குக’ என்றும் ‘சாவி கொடுக்குக’ என்றும் சொல்வார்கள். வீட்டுக் கதவைத் திறப்பது மட்டும் தாழ்க்கோலிலிருந்து வந்த ‘தாக்கோல்’. அதை யாரும் கடிகாரத்துக்குக் கொடுப்பதில்லை.

நாஞ்சில் நாட்டில் இதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு. பால் பிடிக்காமல் பதராய்ப் போன நெல்லும் சாவிதான். ‘இந்தப் பூவு பாதியும் சாவியாப் போச்சு’ என்று வயற்காரர் சொன்னால் அதில் கடிகாரம் எங்கும் இல்லை. ஒன்று கடல்வழி வந்த சொல், மற்றொன்று வயலில் கிடந்த சொல். பேரகராதியும் இரண்டையும் தனித்தனியாகவே தருகிறது. இரண்டுக்கும் உறவு கற்பிப்பது வேர்ச்சொல் விளையாட்டில் போய் முடியும். இருந்தாலும் இரண்டையும் வாழ்நாள் முழுவதும் பேசிய ஒருவரின் வாயில் அவை ஒரே வினையோடு சேர்ந்து வந்ததைக் குறித்துவைக்கலாம்.

கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில் பணிபுரியும் ஒரு மகளின் வாடகை வீட்டில், அந்தத் தந்தை மூன்று ஆண்டுகளாக இருக்கிறார். நாகர்கோவிலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கொஞ்சம் வயலும் இருந்தது. மனைவி காலமான பிறகு தனியே விடமுடியாத அளவுக்கு மறதி முற்றியபோது மகள் அழைத்து வந்துவிட்டார். பொருள்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. குடைக்கு ‘மழைக்கு உள்ளது’, சீப்புக்கு ‘தலைக்கு உள்ளது’ என்று ஒரு காலம் சமாளித்தார். பிறகு அந்தச் சுற்றுவழியும் அடைபட்டது. மகளின் பெயர் சில நாள் சரியாக வரும், சில நாள் இறந்துபோன தங்கையின் பெயராக மாறி வரும். ‘மக்களே’ என்று கூப்பிடுவது மட்டும் தப்பாது. அது நாஞ்சில் நாட்டில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் விளி.

அவரிடம் ஒரு எச்.எம்.டி. கடிகாரம் இருக்கிறது. பதினேழு கல், வெள்ளை முகப்பு. வேலை கிடைத்த புதிதில் வாங்கியது. ஊரில் இருந்தவரை, காலை 7.15-க்கு ஆகாசவாணி தமிழ்ச் செய்தி தொடங்கும்போது அதைக் கழற்றிச் சாவி கொடுப்பார். உருட்டி உருட்டி ஓரிடத்தில் கை நிற்கும். ‘நெறஞ்சாச்சு’ என்பார். பிறர் இதை முறுக்கு ஏறியாயிற்று என்றுதான் சொல்வார்கள். நெல்லுக்கும் மரக்காலுக்கும் உரிய வினையை அவர் கடிகாரத்துக்கும் வைத்துக்கொண்டார். கழக்கூட்டத்து வீட்டில் வானொலி இல்லை. ஆனாலும் குளித்து வந்ததும் கை தானாகக் கடிகாரத்தைத் தேடும், உருட்டும், நிற்கும், அந்தச் சொல் வரும். ஒரு நாளில் அவர் யாருடைய உதவியும் இன்றித் தொடங்கி முடிக்கும் செயல் அது ஒன்றுதான் என்று ஆகியிருந்தது. இத்தகைய நோயில் நடந்தவற்றின் நினைவு முதலில் அழிவதும், கை பழகிய செயல்களின் நினைவு அதைவிட நெடுநாள் தங்குவதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. வீட்டில் இருப்பவர்களுக்கு அது வேறுவிதமாகப் புலப்படும்: காலையில் அந்தச் சொல் கேட்டால் இன்றைய பொழுது பெரிதாகக் கெடாது.

நிறைவது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு பீப்பாய், அதற்குள் சுருண்ட எஃகு நாடா. குமிழிலிருந்து உள்ளே செல்லும் மெல்லிய தண்டை, ராடு என்பார்கள் கடைக்காரர்கள். அதன்மீது இரண்டு சிறு பற்சக்கரங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று தண்டின் சதுரப் பகுதியில் முன்னும் பின்னும் நழுவக்கூடிய கிளட்ச். மற்றொன்று அது கவ்விச் சுழற்றும் முறுக்குச் சக்கரம். குமிழ் உள்ளே அழுந்தியிருக்கும்போது கிளட்சின் சாய்ந்த பற்கள் முறுக்குச் சக்கரத்தின் பற்களைக் கவ்வும். சுழற்சி பீப்பாய்க்குப் போய் நாடாவை இறுக்கும். குமிழை வெளியே இழுத்தால் ஒரு நெம்புகோல் அசைந்து கிளட்சை மறுபக்கம் தள்ளும். அப்போது அது முள்ளைத் திருப்பும் சக்கரத்தோடு சேரும். இறுக இறுக நாடா எதிர்க்கும். முதல் சில சுற்று வெண்ணெய் போலப் போகும், பிறகு கனக்கும், கடைசியில் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். இருபது முப்பது சுற்றுக்குள் இது முடிந்துவிடும். ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். எத்தனை சுற்று என்று யாரும் எண்ணுவதில்லை. எதிர்ப்புதான் அளவு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலை, குமிழ் தண்டின் பாதியோடு அவர் கையில் வந்துவிட்டது. துரு. கழக்கூட்டத்திலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான்; காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும் உண்டு. ரோலெக்ஸ் நிறுவனம் 1926-இலேயே குமிழைத் திருகி மூடும் ‘ஆய்ஸ்டர்’ கூட்டை உருவாக்கியது இந்த வழியை அடைக்கத்தான். சம்பளக்காரர் வாங்கிய பழைய கடிகாரத்தில் அப்படி ஏதும் கிடையாது. குமிழுக்கும் கூட்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி. அதன் வழியாக நாற்பது ஆண்டு வியர்வை உள்ளே போயிருந்தது.

மகள் அதை நெடுஞ்சாலை மேம்பாலத்தை ஒட்டிய ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. புதிய தண்டு, புதிய குமிழ், முந்நூறு ரூபாய். பழைய குமிழைக் கேட்டபோது அது குப்பையோடு போய்விட்டது என்றார்கள். அதன் பற்கள் ஆசிரியரின் விரல்பட்டு ஏறக்குறைய வழவழப்பாகித் தேய்ந்திருந்தன. புதியது பளபளவென்று, சற்றுப் பெரியதாக, கூர்மையான பற்களோடு இருந்தது. ஆசிரியர் முதலில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். பிறகு கை தன் வேலையைத் தொடங்கியது.

இரண்டு வாரம் சரியாகப் போயிற்று. அதன்பின் ஒரு நாள் கை நிற்கவில்லை. முதல் சில சுற்று வழக்கம்போல் ஏறும். நாடா கொஞ்சம் இறுகியதும் உள்ளே கறகறவென்று ஒரு வழுக்கல். சுவர் வருவதற்கு முன்பே பற்கள் விட்டுவிடும். கடிகாரம் சில மணி நேரம் ஓடி நின்றுவிடும். நலமாக உள்ள ஒருவர் இரண்டு நிமிடத்தில் சலித்து வைத்துவிட்டிருப்பார். நிறைந்த பிறகே நிறுத்தப் பழகிய கைக்கு நிறுத்த ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எட்டரை மணிக்கு மகள் வேலைக்குக் கிளம்பும்போது உருட்டிக்கொண்டிருந்தார். மதியம் பார்த்துக்கொள்ள வரும் அம்மாள் தொலைபேசியில் அழைத்து, இன்னும் அதே இடத்தில் அமர்ந்து உருட்டுகிறார், சோற்றைத் தொடவில்லை என்றார். மூன்றாம் நாள் கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது.

கடிகாரத்தை ஒளித்துவைத்துப் பார்த்தார்கள். வீடு முழுவதும் தேடினார். எதைத் தேடுகிறார் என்று சொல்லப் பெயர் கிடைக்காததால் அலமாரித் துணிகளையெல்லாம் இறக்கிப்போட்டார். பேட்டரியில் ஓடும் புதுக் கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் குமிழை உருட்டினார், விரலுக்கு ஒன்றும் மறுமொழி வரவில்லை, மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார். பொய்ச் சாவி என்று சொல்ல அவரிடம் சொல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

மகள் அதே கடைக்கு இருமுறை போனார். இருமுறையும் ‘சாவி சரியில்லை’ என்றுதான் சொன்னார். வேறெப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு நோய்கள் அடங்கும். குமிழ் இழுத்தால் கையோடு வருவது ஒன்று. நெம்புகோல் தண்டின் பள்ளத்தில் உட்காரவில்லை என்று பொருள். முறுக்கிவிட்டதும் குமிழ் பின்னோக்கிச் சுழல்வது இன்னொன்று. பீப்பாய்ச் சக்கரத்தைத் தடுக்கும் தாழ்நாக்கு கெட்டிருக்கும். எவ்வளவு முறுக்கினாலும் இறுகாமல், கடிகாரமும் ஓடாமல் இருந்தால் நாடாவே அறுந்திருக்கலாம். முறுக்கு ஏறும், ஆனால் குமிழை இழுத்துத் திருப்பினால் முள் நகராது என்றால் கோளாறு முகப்புக்குக் கீழே. ஏறிக்கொண்டே வந்து, கனம் கூடியதும் வழுக்கினால் கிளட்சின் பற்கள். இவ்வளவையும் வேறுபடுத்திச் சொல்லும் வினைகள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன: கழன்று வருதல், பின்வாங்குதல், ஏறாமை, நகராமை, வழுக்குதல். கடை முகப்பில் நிற்கும்போது மனிதர்கள் பெயரைத்தான் தேடுகிறார்கள். பெயர் கிடைத்ததும் விளக்கம் முடிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. நடப்பதை வினையால் சொல்லியிருந்தால் இரண்டாம் முறையே காரணம் பிடிபட்டிருக்கக்கூடும். கேட்கும் காது அந்தக் கடையில் இருந்திருக்குமா என்பது தனிக் கேள்வி. அவர்கள் இருமுறையும் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள்.

காரணத்தைச் சொன்னவர் திருவனந்தபுரம் நகருக்குள், சாலைக் கடைத்தெருவின் ஒரு கிளைச் சந்தில் அமர்ந்திருக்கும் எழுபது கடந்த ஒரு பழுதுபார்ப்பாளர். கிழக்கேகோட்டையில் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, மணிதோறும் இரு ஆடுகள் தாடிக்காரரின் கன்னத்தில் முட்டும் மேத்தன் மணியைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் கலந்து பேசுபவர். மகள் இம்முறை ஒரு காணொளியைக் காட்டினார். தந்தையின் விரல்கள் உருட்டுவதும் அந்தக் கறகறப்பும் அதில் இருந்தன. அவர் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் காதருகே வைத்துக் கேட்டார். ‘ராடு குட்டை’ என்றார்.

திறந்து காட்டியபோது விளங்கிற்று. புதிய தண்டு எப்போதும் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும். கூட்டின் அளவுக்கு வெட்டி, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, குமிழைப் பொருத்திப் பொருத்திப் பார்த்து முடிக்க வேண்டும். நீளம் கூடினால் குமிழுக்கும் கூட்டுக்கும் இடையே வாய் திறந்து நிற்கும், தூசு போகும். குறைந்தால் அதைவிடக் கேடு. குமிழ் கூட்டில் முட்டிவிடும். தண்டு உள்ளே போக வேண்டிய இடம் வரை போகாது. நெம்புகோல் பாதி வழியில் நிற்கும். கிளட்ச் முழுதும் திரும்பி வந்து கவ்வாமல் பல்லின் நுனியால் மட்டும் பிடித்திருக்கும். இங்கே குறை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எளிதாக ஏறும்வரை நுனிப்பிடிப்பு போதும். கனம் கூடும்போது வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் நுனி மழுங்கும். இரண்டு வாரம் நன்றாக ஓடியதற்கும் பிறகு கெட்டதற்கும் இதுவே காரணம். ஆசிரியர் மணிக்கணக்காக உருட்டியது மிச்சமிருந்த பல்லையும் தின்றுவிட்டது. போதாக்குறைக்குக் குமிழைத் தண்டின் மறையில் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். நெம்புகோலைப் பிடிக்கும் திருகாணியின் தலை சிதைந்திருந்தது.

முதல் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. சாலைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. ‘பேட்டரி வாட்ச் கை’ என்றார். இது வசையைவிடத் துல்லியமானது. குவார்ட்ஸ் கடிகாரத்தில் குமிழ் எதையும் முறுக்குவதில்லை. நேரம் மாற்ற ஆண்டில் சிலமுறை இழுக்கப்படுகிறது, அவ்வளவுதான். அங்கே தண்டு சுமை தாங்குவதில்லை. அரை மில்லிமீட்டர் முன்பின் ஆனாலும் முள் திரும்பிவிடும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். பெரும்பாலான குவார்ட்ஸ் பொறிகளில் ஒரு சிறு குழியை அழுத்தினால் தண்டு வெளிவந்துவிடும்; பழைய முறுக்குக் கடிகாரங்கள் பலவற்றில் ஒரு திருகாணியை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்த வேண்டும், கூடத் தளர்த்தினால் நெம்புகோல் முகப்புக்குக் கீழே விழுந்துவிடும். முப்பது ஆண்டு பேட்டரி மாற்றிய கை, சுமை தாங்கும் தண்டையும் சுமையற்ற தண்டாகவே நடத்தும். 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரத்தை நடுத்தரக் குடும்பங்களின் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்தது. அது நல்ல கடிகாரம், நேரம் தவறாதது. பழுதுபார்ப்போரின் விரல்களை அது மாற்றியமைத்தது பற்றி மட்டும் அதிகம் பேசப்பட்டதில்லை.

கிளட்சும் முறுக்குச் சக்கரமும் புதிதாக வேண்டும். எங்கே கிடைக்கும்? 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்துப் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. இப்போது உதிரிப்பாகம் என்பது பெரும்பாலும் இன்னொரு கடிகாரம்தான். சாலைக்காரரின் மேசைக்கடியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று உண்டு. யாரோ விற்ற, யாரோ மறந்து விட்டுப்போன எச்.எம்.டி.கள் அதில் கிடக்கின்றன. ஒன்றைத் திறந்து மற்றொன்றை ஓடவைக்கிறார். இது மீட்பா, கொள்ளையா என்று சேகரிப்பாளர்கள் வாதாடுவார்கள். முகப்பைப் புதிதாக வண்ணம் தீட்டி ‘அசல்’ என்று விற்பவர்களைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. கட்டைவிரலில் கட்டோடு ஒருவர் வீட்டில் காத்திருக்கும்போது அந்த வாதத்துக்கு எடை குறைவு.

மகள் ஒன்றுதான் கேட்டார்: பளபளக்கும் குமிழ் வேண்டாம், பழையது ஏதேனும் கிடைக்குமா? டப்பாவைக் கவிழ்த்துத் தேடியதில் அதே அளவில், பற்கள் தேய்ந்த குமிழ் ஒன்று கிடைத்தது. யாருடைய விரல் தேய்த்ததோ. தண்டை வெட்டி முடிக்க அவருக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று; எட்டு முறை குமிழை மாட்டிக் கழற்றினார். சிதைந்த திருகாணியை மாற்றினாலும் அது இறங்கும் தகட்டின் மறை தேய்ந்துவிட்டதால், அடிக்கடி இழுக்க வேண்டாம், முறுக்குவது எவ்வளவு வேண்டுமானாலும் ஆகட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

முதற்கோளாறு தொடங்கி இதற்குள் ஏழு வாரம் கடந்திருந்தது. குளித்து வந்த ஆசிரியர் கடிகாரத்தை எடுத்தார். யாருடையது என்று கேட்கவில்லை. உருட்டினார். மகள் அலுவலகப் பையைத் தோளில் மாட்டியபடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிர், கிர் என்று சீரான ஒலி, பிறகு மெதுவான ஒலி, பிறகு ஒலி இல்லை. கை நின்றுவிட்டது. சொல் வரவில்லை. மகள், ‘நெறஞ்சாச்சாப்பா?’ என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார், அந்தச் சொல்லை எங்கோ கேட்டவர்போல. கடிகாரத்தைக் கட்டி, வாரை இழுத்து மாட்டி, இட்லித் தட்டின் முன் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகும் அவர் அதைச் சொல்லவில்லை. ஏழு வாரம் நிறையாத சாவியைத் திருகியதில் சொல் போயிற்றா, போகவேண்டிய காலத்தில்தான் போயிற்றா என்பதை மருத்துவரும் சொல்ல இயலாது. கை ஒவ்வொரு காலையும் சரியான இடத்தில் நிற்கிறது. கடிகாரம் நாளுக்கு ஒன்றரை நிமிடம் பின்தங்குகிறது. ஞாயிறு இரவு அவர் உறங்கிய பின் மகள் குமிழை மெல்ல இழுத்துப் பத்து நிமிடம் கூட்டி வைக்கிறார்.